மைக்கில் மச்சாளின் பெயர்

பனிச்சறுக்குப் போட்டிக்குத் தானும் வருவதாக மச்சாள் சொன்னபோது நான் சிரித்தது உண்மைதான். வாயில் இருந்த தேத்தண்ணீர் மேசையெல்லாம் கொட்டியது. மச்சாள் என் அண்ணனின் மனைவி. ஐம்பத்திரண்டு வயது. நாங்கள் இருக்கிற கிரான்பர்ன் ஊர்க் குளிருக்கே இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு குப்பைத்தொட்டியை வெளியே தள்ளுகிறவர்.

நானோ மூன்று குளிர்காலமாக ஒரு நடைக்கழகத்தோடு மலைக்குப் போய்ச் சறுக்கப் பழகியவள். இந்தப் போட்டி உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குகிற வகை இல்லை. காலில் ஒல்லியான நீளப் பலகைகளை மாட்டி, கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்து, மேடும் பள்ளமுமாக மூன்று நாள் தள்ளித் தள்ளிப் போகவேண்டும். இரண்டு இரவும் பனிமேல்தான் படுக்கை. இருவர் சேர்ந்தால்தான் ஒரு குழு. என்னோடு வரவிருந்த பெண்ணுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு என்னத்துக்கு மச்சாள் இந்த வேலை?"

"ஓடி முடிக்கிற ஆக்களின்ர பேரை மைக்கில சொல்லுவினமாம். உண்மையே?"

"ஓம்."

"அப்ப நான் வாறன்."

மூன்று பிள்ளைகளை நீச்சல், நடனம், தமிழ்ப் பேச்சுப்போட்டி என்று இருபது வருடம் ஏற்றி இறக்கியவர் மச்சாள். எத்தனை மண்டபம், எத்தனை பிளாஸ்டிக் கதிரை! மைக்கில் வந்ததெல்லாம் பிள்ளைகளின் பெயர். ஒரேயொரு தடவை அவரையும் கூப்பிட்டார்கள்: நீல நிற வான் வண்டியின் சொந்தக்காரர் உடனே வந்து அதை எடுக்கவும்.

"சாகிறதுக்கு முன்னம் ஒருக்கா எண்டாலும் என்ர பேர் கேக்கோணும்" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாதம் பயிற்சி. சனி ஞாயிறில் மலை. மற்ற நாட்களில் எங்கள் தெருக்கோடி மைதானத்தில் சறுக்குக்கோலுக்குப் பதிலாக, வீடு கூட்டுகிற தும்புத்தடிகளை ஊன்றிக்கொண்டு நடை. நாய் நடத்த வந்த ஒரு பெடியன் நின்று பார்த்துவிட்டு, "ஆர் யூ ஓகே, அன்ரி?" என்று கேட்டான். மச்சாள் இன்னொரு சுற்றுப் போனார்.

போட்டிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டுபோனது அண்ணன்தான். "கவனமாப் போட்டு வாங்கோ" என்று சொன்ன கையோடு, ஹீட்டர் இருக்கிற கஃபேக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் எல்லாருக்கும் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தோம். ஆனாலும் நேரத்துக்குள். சிக்கல் படுக்கையில் தொடங்கியது. சப்பாத்தை உறைபைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள், இல்லாவிட்டால் காலையில் உறைந்துவிடும் என்று போட்டி நடத்துகிறவர்கள் தலைப்பாடாக அடித்துச் சொல்லியிருந்தார்கள். உறைபை என்றால் நாம் உள்ளே நுழைந்து படுக்கிற அந்தத் தூக்கப் பை.

"சப்பாத்தைப் படுக்கைக்குள்ள வைச்சுக்கொண்டு படுக்கிறதோ? மனுசர் செய்யிற வேலையே?" என்றார் மச்சாள்.

"செய்யாட்டி நாளைக்கு வெறுங்காலோடதான் வருவீங்கள்."

என் அதட்டலுக்குப் பயந்து முதல் இரவு வைத்துக்கொண்டார். அருவருப்பில் விடியும்வரை புரண்டார். இரண்டாம் இரவு நான் களைத்துப்போய்க் குறட்டை விட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை எழுந்து காலால் துழாவினால் என் சப்பாத்து இல்லை.

"மச்சாள், என்ர சப்பாத்து எங்க?"

"வெளியில. ரெண்டு சோடியையும் வடிவா அடுக்கி வைச்சனான். ஊத்தைச் சப்பாத்தோட நீர் படுத்திருக்க எனக்கு மனம் கேக்கேல்லை."

கூடார வாசல் ஜிப்பை இழுத்துத் திறந்து பார்த்தேன். வீட்டு வாசலில் வைப்பதுபோல, நுனி வெளியே பார்க்க, நான்கும் வரிசையாக நின்றன. ஒன்றைத் தூக்கி மற்றதில் தட்டினேன். டொக்கென்றது. நாடாகூட வளையவில்லை.

எனக்கு வந்த கோபம்! மலையே கேட்கும்படி கத்தினேன். பின்னேரம் மூன்று மணிக்கு முடிவுக்கோட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவனுக்குக் கணக்கும் இல்லை, மைக்கும் இல்லை. பனியை உருக்கி, கொதிக்கவைத்து, போத்தல்களில் நிரப்பிச் சப்பாத்துக்குள் திணித்தோம். போத்தல் போதாத சோடியை மச்சாள் ஜாக்கெட்டுக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தார். படுக்கையில் வைக்க அருவருத்தவர்! பல் கிடுகிடுத்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. ஒன்றரை மணிநேரம் போயிற்று. மற்ற எல்லாக் குழுவும் போய்விட்டது.

"நீர் தனியப் போம். நான்தான் பிழை விட்டனான்" என்றார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து கோட்டைத் தாண்டினாத்தான் கணக்கு. கதையாதேங்கோ, காலை உள்ள விடுங்கோ."

பிறகு மச்சாள் போன போக்கை வாழ்நாளில் மறக்கமாட்டேன். தேத்தண்ணீருக்கு நிற்கவில்லை. சாப்பிட நிற்கவில்லை. விழுந்தார், எழும்பினார், பின்னும் விழுந்தார். ஒரு இறக்கத்தை முழுக்க முழுக்கப் பின்பக்கத்தாலேயே இறங்கிமுடித்தார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முடிவுக்கோட்டுக் கொடிகள் தெரிந்தன. எனக்கு மூச்சு வாங்கியது. அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

கோட்டைத் தாண்டியதும் அறிவிப்பாளர் மைக்கை எடுத்தார். கடைசிக் குழு, ஆனால் நேரத்துக்குள், பலத்த கைதட்டல் கொடுங்கள் என்றார். என் பெயரைச் சொன்னார். அடுத்ததாக என் அண்ணனின் பெயரைச் சொன்னார்.

சனம் கைதட்டியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த அண்ணன், தன் பெயரைக் கேட்டதும் ஒன்றும் விளங்காமல் கையைத் தூக்கினார். கைதட்டல் இன்னும் கூடியது.

பிழை என்னுடையது. விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். நமக்கேது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தில் புருசன் பெயரைப் போட்டுத்தான் இந்த நாட்டில் எல்லாப் பத்திரமும் எடுத்தோம். மச்சாளின் லைசென்ஸில் அண்ணனின் பெயர்தான் முதலில் இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே முதல் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். அறிவிப்பாளர் வாசித்தது அந்தக் கட்டத்தைத்தான். எனக்கு அந்த இடத்திலேயே பனிக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது. "மச்சாள், நான்..." என்று இழுத்தேன்.

மச்சாள் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து பலகைகளைக் கழற்றினார். நேரே அறிவிப்பாளரிடம் நடந்துபோய்க் கையை நீட்டினார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, மைக்கைக் கொடுத்துவிட்டார்.

"தட் இஸ் மை ஹஸ்பண்ட்" என்றார் மச்சாள். "த்ரீ டேஸ் ஹீ வாஸ் சிட்டிங் நியர் த ஹீட்டர்."

கூட்டம் சிரித்து ஓய்வதற்காகக் காத்திருந்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார். முதலில் மெதுவாக. பிறகு இன்னொருமுறை, கார்ப்பார்க் வரைக்கும் கேட்கும்படி.

அண்ணன் சிப்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். நானும் அழுதுகொண்டே தட்டினேன். எனக்கு அவர் மச்சாள். பிள்ளைகளுக்கு அம்மா. அண்ணன் கூப்பிடுவது, பெயரே இல்லாமல், வெறும் "இஞ்சேரும்" என்று. அவர் எங்கள் குடும்பத்துக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.