நான் கொடுத்த லைன் கிளியர்

இத்தாலியின் பலெர்மோவில் நான் கூட்டித் துடைத்த இடங்களில் எனக்கு முழுதும் விளங்கியது ஒரு சரக்கு நிலையம்தான். நட்டத்தில் கிடந்த சிறு பாதைகளைச் சேர்த்து மாகாண அரசு ஒரு ரயில் நிறுவனம் அமைத்திருந்தது. எலுமிச்சையும் உப்பும் ஏற்றுவதாகத் திட்டம். ஏற்றியது பெரும்பாலும் இயக்குநர்களை. தொண்ணூறுகளின் நடுவில் அதே அரசு அதை மூடியது. திறக்கவும் மூடவும் ஒரே அளவு முத்திரைகள் தேவைப்பட்டன. நான் மன்னார்ப் பக்கம் நிலைய அதிபராக இருந்தவன். என் பாதையைப் போர் மூடியது. அதற்கு முத்திரை தேவைப்படவில்லை.

நிலையத்திலிருந்து ஸ்ஃபெர்ராகவால்லோ பக்கம் தண்டவாளம் கழற்றும் வேலையில் என் மனைவியின் தம்பி இருந்தான். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் வேலைக் கடிதம் தருவதாக ஏற்பாடு. கடிதம் இல்லாவிட்டால் அவனுக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லை. நாட்டில் தங்க வழியில்லை.

அன்று மதியம், ஊரே கதவடைத்துச் சாப்பிடும் நேரம், அடுத்த நிலையத்தோடு மணியடித்துப் பேசும் பழைய மணிப்பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அதன் கம்பியை அறுத்து ஒரு மாதம். அது அடித்தது. மூன்று, சற்று இடைவெளி, ஒன்று. இத்தாலியக் குறிப்பல்ல. எங்கள் ஊரில் அடுத்த நிலையம் கேட்பது: வண்டி அனுப்பலாமா?

யோசிக்குமுன் விரல், அனுப்பலாம் என்று பதில் அடித்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம். லைன் கிளியர் கொடுத்தபின் அந்த வண்டி வந்து சேரும்வரை பாதையில் வேறெதுவும் நிற்கக்கூடாது. வண்டி உண்டா என்று விதி கேட்பதில்லை.

ஓடினேன். மைத்துனன் தண்டவாளத்தில் நின்ற டிரொலியில் இரும்பு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"டேய், பாதையை விட்டு இறங்கு!"

"என்ன அத்தான், வெயில் தலைக்கு ஏறிட்டுதோ? இஞ்சை கோச்சியோ வரப்போகுது?"

"லைன் கிளியர் குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"கேட்டவைக்கு."

சிரித்தான். "அங்காலை தண்டவாளத்தைப் போன கிழமை நான்தானே கழட்டினனான். இப்ப விட்டிட்டு வந்தால் கடிதம் தருவானே?"

"தரமாட்டான். இறங்கு."

கையைப் பிடித்து இழுத்தேன். லொறி நிழலில் இருந்த கொந்தராத்துக்காரர், போனால் திரும்பி வராதே என்று கத்தினார். கள்ளிப் புதருக்குள் நின்றோம். காற்றில்லை. தண்டவாளம் மெல்ல முனகியது. இடையில் வளர்ந்திருந்த காய்ந்த புல் தூரத்திலிருந்து ஒழுங்காகச் சாய்ந்துகொண்டே வந்தது. எங்களைத் தாண்டியது. டிரொலி இரண்டு துண்டாகக் கிடந்தது.

கொந்தராத்துக்காரர் சிலுவைக் குறி போட்டார். பிறகு டிரொலியை உடைத்தவன் என்று மைத்துனன் பெயரை எழுதினார். வேறு காரணத்துக்கு அவரிடம் படிவம் இல்லை.

அவன் பெர்மெஸ்ஸோ இல்லாமல் இரண்டு வருடம் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் பயந்து பயந்து கோப்பை கழுவினான். அந்த மதியத்தைப் பற்றி நாங்கள் கதைத்ததேயில்லை. நிலையத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை. ஆகவே வண்டி வந்துசேர்ந்ததற்கான மணியை நானும் அடிக்கவில்லை. விதிப்படி அந்த வண்டி இன்னும் பாதையில் இருக்கிறது. பாதை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். கடைசியில் பெர்மெஸ்ஸோ கிடைத்து அவன் வீடு தேடியபோது அங்கே நல்லதொன்று காலியாக இருந்தது. என்னைக் கேட்காமலே வேண்டாமென்றான்.