நான் படிக்காத கடைசி இரண்டு பக்கம்

போன வருஷம் மழைக்காலத்தில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே உள்ள ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் இது நடந்தது. நான் அங்கே ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். காலையில் ஒரு ஷிப்ட், மாலையில் ஒரு ஷிப்ட் என்று பத்தொன்பது வருஷம் ஓட்டியாயிற்று. இரண்டாவது ஷிப்டில் கரும்பலகையில் சாயாமல் நிற்பதையே நான் ஒரு சாதனையாகக் கருதுகிறேன்.

மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் என்னைவிடக் களைத்தவர்கள். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை முடித்து அப்படியே வருகிறவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டு ஓடி வருகிறவர். ஐந்தரை மணிக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கத்தான் போட்டி இருக்கும். இலக்கியத்துக்காக யாரும் அடித்துக்கொண்டதில்லை.

இரண்டாம் ஆண்டுக்கு அமெரிக்கச் சிறுகதைகள் ஒரு பேப்பர். எல்லாம் பழைய, பேர்போன கதைகள். அதில் ஒன்றை நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து நடத்துகிறேன். பாடத்திட்டம் மூன்று முறை மாறியது. மற்ற கதைகள் வந்து வந்து போயின. இது மட்டும் ரேஷன் கார்டில் பெயர் ஏறிய மாதிரி நிலைத்துவிட்டது. பனி கொட்டும் ஊரில் ஒரு தனிப் பண்ணைவீடு. புருஷன்காரன் பெண்டாட்டியை விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறான். பல வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் திரும்பி வருகிறான். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தவள், அவன் தூரத்தில் வருவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். எழுந்து கதவை நோக்கிப் போகிறாள். அவ்வளவுதான் கதை. என்னிடம் இருந்த ஜெராக்ஸில் அவ்வளவுதான் இருந்தது.

அந்த ஜெராக்ஸ் எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் விட்டுப்போனது. அதை வைத்து முதல் வருஷமே நோட்ஸ் தயாரித்தேன். அவள் கதவைத் திறந்து அவனை உள்ளே விடுகிறாள், மன்னிப்பின் மகத்துவம், ஐந்து பாயிண்ட், பத்து மார்க். கதவை நோக்கிப் போகிற பெண் வேறு எதற்குப் போவாள் என்று எனக்கு ஒரு எண்ணம். ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அந்த நோட்ஸ் என் கையெழுத்திலேயே கிடைக்கும். மாணவர்கள் அதைப் படித்து அதையே எழுதுவார்கள். நானும் அதற்கே மார்க் போடுவேன். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கதைக்கு இதில் ஒரு வேலையும் இல்லை என்பதுதான் யார் கண்ணிலும் படவில்லை.

வகுப்பில் ஒரு பெண்மணி இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. டிகிரி வாங்கினால் மிஷினை விட்டு எழுந்து மாடியில் ஆபீஸ் செக்‌ஷனில் உட்காரலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்ததால் படிக்க வந்தவர். வகுப்பில் பேசவே மாட்டார். இன்டர்னல் தேர்வில் இந்தக் கதையைப் பற்றிக் கேட்டிருந்தேன். எல்லோரும் கதவைத் திறந்தார்கள். அவர் மட்டும், அவள் திறக்கவில்லை, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்.

நான் பத்துக்கு இரண்டு போட்டேன். ஓரத்தில் சிவப்பு மையில், 'கதையை ஒழுங்காகப் படிக்கவும்' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் களைத்துப்போன வகுப்பை எழுப்ப எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, யாரையாவது வைத்துச் சிரிக்க வைப்பது. நகைச்சுவை உணர்வு உள்ள வாத்தியார் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பெரும்பாலும் அதைச் சொல்லிக்கொண்டு திரிவது நான்தான். அவருடைய விடைத்தாளை எடுத்து உரக்கப் படித்தேன். படித்துவிட்டு, “வந்த மனுஷனைப் பனியிலேயே நிக்க வச்சுட்டாங்கப்பா. இவங்க வீட்டுப் பக்கம் போறவங்க கையோட ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவர் எழுந்து, “கதையில அப்டிதான் சார் இருக்கு” என்றார். எந்தக் கதையில் என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் நான் நடத்திய மிக உற்சாகமான வகுப்பு அது.

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மாலை வகுப்பில் ஆள் குறைவது சகஜம், நான் கவனிக்கக்கூட இல்லை. வருகை குறைந்தவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று ஆபீசிலிருந்து பட்டியல் கேட்டபோதுதான், இன்னும் மூன்று நாள் வராவிட்டால் அவருக்கு அந்த வருஷமே போய்விடும் என்று தெரிந்தது.

அதே நாளில் நூலகத்தில் மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பதற்காக, வேறு நோக்கம் எதுவும் இல்லாமல், அங்கே போய் உட்கார்ந்தேன். மேஜைமேல் திரும்பி வந்த புத்தகங்கள் கிடந்தன. அதில் அமெரிக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று. பின்னட்டையில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரே ஒரு தேதி முத்திரை. யார் எடுத்தது என்று நூலகரிடம் கேட்டேன். அந்தக் காலர் தைக்கிற அம்மாதான், உங்கள் வகுப்பு ஆட்டோக்காரரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார்.

நான் நம் கதையைத் தேடி எடுத்துப் புரட்டினேன். அவள் எழுந்து கதவை நோக்கிப் போகிறாள். பக்கம் முடிகிறது. மறுபக்கத்தில் கதை தொடர்ந்தது. இன்னும் இரண்டு பக்கம்.

அவள் கதவின் தாழ்ப்பாளைப் போடுகிறாள். விளக்கை ஊதி அணைக்கிறாள். அவன் தட்டுகிறான், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், கொஞ்ச நேரம் அழவும் செய்கிறான். அவள் இருட்டில் உட்கார்ந்து மிச்சமிருந்த உருளைக்கிழங்கைச் சீவி முடிக்கிறாள். அவன் போய்விடுகிறான்.

பத்தொன்பது வருஷமாக நான் நடத்தியது, ஜெராக்ஸில் கடைசித் தாள் விழாமல் போன கதை. இலக்கிய ஞானம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அந்தத் தாள் இருந்த இடத்தை நானே நிரப்பிக்கொண்டது. நிரப்பும்போது கதையில் வருகிறவளை ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை.

முதலில் எனக்கு வந்த யோசனை கௌரவமானது அல்ல. இன்டர்னல் மார்க்கைக் கணினியில் ஏற்ற வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது. சத்தமில்லாமல் இரண்டை ஒன்பதாக்கிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மாற்றியும் விட்டேன். இரண்டு நாள் கழித்தும் மனசு கேட்காததால், வகுப்பில் போய், அந்த அம்மா எழுதியதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். ரொம்பப் பெரிய மனது பண்ணிச் சொன்னதாக எனக்குத் தோன்றியது.

வகுப்பு முடிந்ததும் ஆட்டோ ஓட்டும் மாணவர் வராந்தாவில் என்னை நிறுத்தினார். என்னைவிட நாலைந்து வயதுதான் சிறியவர்.

“சார், தப்பா எட்துக்காதீங்க. அந்தம்மா இருக்கசொல்ல சிரிச்சீங்க. இல்லாதப்போ சாரி சொல்றீங்க. இது இன்னா கணக்கு சார்?”

அவரே மேலே சொன்னார். அந்தப் பெண்மணியின் புருஷன் ஆறு வருஷம் எங்கேயோ இருந்துவிட்டுப் போன வருஷம் திரும்பி வந்தானாம். அவர் சேர்த்துக்கொள்ளவில்லையாம். “கள்ளிக்குப்பத்துல அது கீற தெருவே அத இன்னா பேச்சு பேசிச்சு தெரியுமா சார்? அதோட அம்மாவே பேசறதில்ல. நீங்க வேற ஸ்வெட்டர் எட்துனு போ சொன்னீங்க.”

அவரை வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும், அழைத்துப் போக முடியுமா என்று கேட்டேன். மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட் இல்லை. ஆட்டோக்காரர் இரண்டு மணிக்கே என்னை ஏற்றிக்கொண்டு போய், எஸ்டேட்டில் அந்தக் கம்பெனி வாசலுக்கு எதிரே உள்ள பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். தூறிக்கொண்டிருந்தது. ஷிப்ட் விட்டு ஐம்பது அறுபது பெண்கள் டிபன் பையோடு வந்து நின்றார்கள். குடையும் இல்லாமல் நடுவில் நான். தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்றுதான் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். தனியாக வருகிற உத்தேசம் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த பெண், “யாருடி இது?” என்றார்.

“எங்க காலேஜி சாரு.”

“மழைல நின்னுக்கினு கீறாரு, அட்டென்டன்சு எடுக்க வந்தாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டப்பட்டது. நான் அத்தனை பேருக்கு நடுவிலும் சொன்னேன். நான் அந்தக் கதையை முழுசாகப் படித்ததே இல்லை, நீங்கள் படித்திருக்கிறீர்கள், தெரியாமல் உங்களை வைத்துச் சிரித்தேன், தப்பு. இவ்வளவுதான் வந்தது. மனப்பாடம் செய்ததில் இதைவிட நல்ல வாக்கியங்கள் இருந்தன.

அவர் டிபன் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “ஜெராக்ஸ்ல பாதியில நின்னுது சார். எனக்கு அந்தப் பொம்பள இன்னா பண்ணிச்சின்னு தெரிஞ்சாவணும். அதுக்கோசரம்தான் லைப்ரரில போய் புக்கு எட்தேன். படிச்சப்போ ஒரு தெம்பா இருந்துச்சு. அத இல்லன்னுட்டீங்க.”

மார்க்கை மாற்றிவிட்டேன் என்றேன். அவர் முகம் மாறவில்லை. மார்க்குக்காகத்தான் வந்தீர்களா சார் என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எல்லோருக்கும் அந்தக் கதையை முதலிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டுங்கள், நான் வந்து கேட்கிறேன் என்றார். பஸ் வந்துவிட்டது. படியில் ஏறும்போது திரும்பி, “மத்த கதைங்களையாவது முழுசா படிச்சிருக்கீங்களா சார்?” என்று கேட்டார். கிண்டலாகத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் நான் பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே வகுப்புக்கு வந்தார். இரண்டு நாள் எடுத்து நான் வாசித்தேன். என் பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கதையைப் பற்றி வகுப்பில் சண்டை நடந்தது. கதவைத் திறந்து நாலு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கலாம் என்றார் ஒருவர். அழுதானே, அதற்காகவாவது ஒரு டீ கொடுத்திருக்கலாம் என்றார் ஆட்டோக்காரர். அவ்வளவு வருஷம் கழித்து டீ ஒன்றுதான் குறைச்சலா என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அந்தப் பெண்மணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடைத்தது. தேறிவிட்டார். மாடியில் ஆபீஸ் செக்‌ஷனில் இன்னும் இடம் காலியாகவில்லை என்று கேள்வி.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் என் நோட்ஸை இனிமேல் போட வேண்டாம் என்று சொன்னேன். கடைக்காரர், அதுதான் சார் நல்லாப் போவுது, ஆவடியிலிருந்துகூட வந்து வாங்கினு போறாங்க என்றார். கையிலிருந்த பிரதிகளைக் கேட்டு வாங்கிக் கிழித்தேன். ஸ்கேன் செய்த பிரதி கணினியில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

என்னிடம் படித்துப் போனவர்களில் எத்தனை பேர் இப்போது வாத்தியார்களாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. சிவப்புப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், விடை எழுதியவர் எதற்காகக் கடைசி வரை படித்தார் என்பது எனக்குத் தெரியாது என்ற நினைப்பில் கை ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது, அந்த ஒரு நிமிஷத்தில்தான் நான் கொஞ்சமாவது வாத்தியாராக இருக்கிறேன்.