தெரியாத மொழிக்கே என் ஓட்டு

விண்டோஸ் கணினிகளைக் கட்டி மேய்க்கும் தொழிலில், ஒன்று தெரியும் என்று ஒருமுறை வாய்விட்டால் போதும், ரிட்டயர் ஆகும் வரை அது உங்கள் தலையில்தான். இதே நுகத்தடியில் இருக்கும் உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புனேயில் மகர்பட்டாவிலுள்ள ஒரு பம்புக் கம்பெனியின் கணினிப் பிரிவில் நான் பட்டதில் கொஞ்சம் மட்டும் சொல்கிறேன்.

பணிவான கூட்டம்

காலையில் ஊழியர்கள் கணினிக்குள் நுழைந்ததும் அவரவர் பிரிண்டரையும் பொது ஃபோல்டரையும் தானாக இணைத்துவிடும் ஸ்கிரிப்டுகள் எங்களிடம் உண்டு. எல்லாம் விபிஸ்கிரிப்ட் என்ற பழைய மொழியில் எழுதியவை. விண்டோஸே அந்த மொழியைக் கைகழுவப் போகிறது என்று தெரிந்ததும், மேனேஜர் குல்கர்ணி சார் புது மொழி ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டார். எங்கள் ஆபீசின் எழுதாத சட்டம் இது: எந்த மொழி தெரியும் என்கிறாயோ, அதில் வரும் தொல்லையெல்லாம் உனக்கு, ஞாயிற்றுக்கிழமை உட்பட.

எனக்குத் தெரிந்தது விண்டோஸோடு கூடவே வரும் பவர்ஷெல் மொழி. ஆகவே பைத்தானின் பெருமைகளை அடுக்கினேன். பக்கத்து சீட்டு கணேஷ் பைத்தானில் கெட்டிக்காரன், எனவே பவர்ஷெல்லுக்காக உருகினான். கணேஷ் இதே புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழன், பாதித் தமிழ் மீதி ஹிந்தி. இருப்பதிலேயே பழைய, எளிய பேட்ச் ஃபைலே போதாதா என்று சார் கேட்டார். அது இருவருக்கும் தெரியும் என்பதால் இருவருமே கடுமையாக எதிர்த்தோம். சார் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு பணிவான டீமை நான் பார்த்ததே இல்லை."

கோவையிலிருந்து ஒரு அபிப்பிராயம்

நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. என் மனைவி சுகன்யா தலைப்பிரசவத்துக்குக் கோவையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். மொழி முடிவாகி, புது ஸ்கிரிப்ட் தயாரான பிறகுதான் எனக்கு லீவு என்று சார் சொல்லிவிட்டார். பவர்ஷெல் என் தலையில் விழுந்தால், பிரசவ ஆஸ்பத்திரியிலும் போனும் கையுமாக நிற்பேன். பிள்ளை பிறக்கும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் காதில் ஆபீஸ் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ரொம்பவே ஆசைப்பட்டேன்.

தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். ஒருநாள், பைத்தானை எல்லாக் கணினியிலும் தனியாக நிறுவ வேண்டும், அதற்குப் பாதுகாப்புப் பிரிவின் அனுமதி வேண்டும், அவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, நீங்க அங்க ஒரு பாஷைய முடிவு பண்றதுக்குள்ள இங்க கொழந்தை பேசவே ஆரம்பிச்சுருமாட்ட இருக்குதுங்க."

தளேகாவுக்குப் போன கடிதம்

பாதுகாப்புப் பிரிவு யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், பவர்ஷெல்லில் சோதனைக்கு ஒன்றை எங்கிருந்தாவது நகலெடுத்து, எங்கள் தளேகாவ் தொழிற்சாலைக்கு அனுப்பும்படி கணேஷிடம் சொன்னார் சார். அங்கே சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கும் ஷிண்டே அதை இரண்டு முறை கிளிக் செய்தார். பவர்ஷெல் கோப்பைக் கிளிக் செய்தால் அது ஓடாது, நோட்பேடில் விரிந்து படுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். ஷிண்டேவுக்குத் தெரியாது. முழுவதையும் மரியாதையாகப் படித்துவிட்டுப் போன் செய்தார்: "சாஹேப், உங்க லெட்டர் வந்துச்சு. மராத்தியில சுருக்கமா எழுதி அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

தீர்ப்பு

பைத்தானுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. இனி பவர்ஷெல்தான். என் லீவு போச்சு என்று நினைத்தேன். ஆனால் குல்கர்ணி சார் அந்த வேலையைக் கணேஷிடம் கொடுத்தார். கூட்டத்தில் அதை அவ்வளவு புகழ்ந்தவன் அவன்தானே.

கணேஷ் முதலிலிருந்து கற்றுக்கொண்டு எழுத ஆரம்பித்தான். அவன் தடுமாறும் இடங்களில், "எங்கேயோ படித்த ஞாபகம்" என்று சொல்லி வழி காட்டினேன். நேராகச் சொல்லவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. இப்படிப் பல ஞாபகங்கள் வந்த பிறகு ஒருநாள் அவன் நாற்காலியை என் பக்கம் திருப்பினான். "அண்ணா, தெரியாத மொழியில உங்களுக்கு எவ்ளோ தெரியுது."

திங்கட்கிழமை

பழைய ஸ்கிரிப்டுகளை நிறுத்திப் புதியவற்றைத் தொடங்க ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். நான் முந்தின நாளே கோவை வந்துவிட்டேன். திங்கள் காலை சுகன்யாவைப் பிரசவ அறைக்கு அழைத்துப் போனார்கள், என்னையும் உள்ளே விட்டார்கள். மத்தியானத்துக்குள் மகள் பிறந்தாள். அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. சாயங்காலம்தான் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு அழைப்பும் இல்லை. நம் தொழிலில் போன் சும்மா இருந்தால் யாருக்காவது நிம்மதி வருமா? நானே கணேஷைக் கூப்பிட்டேன்.

அவன் தளேகாவில் இருந்தான். மகர்பட்டாவில் சமத்தாக ஓடிய ஸ்கிரிப்ட், தொழிற்சாலைக் கணினிகளில் அனுமதி இல்லை என்று படுத்துவிட்டதாம். லோக்கல் ரயில் பிடித்துப் போய், ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து பிரிண்டரைக் கையாலேயே இணைத்திருக்கிறான். அந்த வேலையே கூடாது என்றுதான் உலகத்தில் ஸ்கிரிப்ட் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒரே வரியில் சரியாகியிருக்கும், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"மாலூம் ஹை அண்ணா, எனக்குத் தெரியும், நீங்க ஒரு லைன்ல சொல்லிருப்பீங்க. ஆனா அதுக்கு நீங்க ரூம விட்டு வெளிய வரணுமே. சோடோ, அத விடுங்க. பாப்பா யார் மாதிரி இருக்கா?"

விண்டோஸுக்கு எந்த ஸ்கிரிப்ட் மொழி நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பக்கத்து சீட்டு நல்லபடியாக அமைந்துவிட்டால் எந்த மொழியும் ஓடும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை.