திருச்சி அணியின் கோல் காப்பாளர்

கஜேந்திரன் பிறந்தது குண்டசாலையில். பெயின்ட் கடை வைத்திருப்பது கண்டி நகரத்தில். ஆனாலும் யாராவது ஊரைக் கேட்டால் திருச்சி என்றுதான் சொல்வார். பொங்கல் முடிந்ததும் நடக்கும் பூர்வீகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் திருச்சி அணியின் தலைவரும் கோல் காப்பாளரும் அவரே. தகப்பன் வழி முன்னோர் இந்தியாவில் எந்த ஊரோ அந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும் என்பது போட்டியின் சட்டம். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் என்று நான்கு அணிகள். ஆடுகிறவர்களில் பாதிப்பேருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

கஜேந்திரன் ஒரு தடவை திருச்சிக்குப் போயும் வந்திருக்கிறார். காவிரியில் இறங்கி நின்று கண்கலங்கினார். கரையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எந்த ஊர் என்று கேட்க, இந்த ஊர்தான் என்றார் பெருமையாக. அந்த ஆள் கொஞ்ச நேரம் யோசித்து, "சிலோனா?" என்று கேட்டார். இந்தப் பகுதியைக் கஜேந்திரன் கண்டியில் யாரிடமும் சொல்லவில்லை.

போன வருட அரையிறுதியில் இராமநாதபுரத்தைத் திருச்சி வென்றது. இராமநாதபுரத்துக்கு ஆடியவர்கள் அக்குறணைக் கடைக்காரர்கள். அவர்களுடைய தலைவர் முஹ்ஸினுக்குத் தோல்வி செமிக்கவில்லை. இறுதிப் போட்டி சேலத்துடன். சேலத்தின் முன்வரிசை ஆட்டக்காரர் சதீஸ்குமார், கஜேந்திரனின் பெரியப்பா மகன். இரண்டு அணிகளும் மைதானத்தில் இறங்கிய பிறகு முஹ்ஸின் போட்டிக் குழுத் தலைவர் சுந்தரலிங்கத்திடம் போனார்.

"ரெண்டு பேர்ட வாப்பாவும் கூடப் பொறந்தவங்க. பொறகு எப்படி ரெண்டு ஊரு?"

இத்தனை வருடமும் இது யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். கஜேந்திரனுக்கே தோன்றியதில்லை. சேலத்துக்கு ஆள் போதாமல் தம்பியைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவர் நினைத்திருந்தார். அண்ணனைப் பற்றிச் சதீஸ்குமாரும் அப்படியே நினைத்திருந்தார். ஒருவர் போலி என்றால் அவருடைய அணி போட்டியிலிருந்து விலக வேண்டும். சுந்தரலிங்கம் நடுவரிடமிருந்து விசிலை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, குடும்பத்தில் பெரியவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

வந்திருந்தார். இருவருக்கும் அத்தையான பரிமளம், குடையைப் பிடித்தபடி பார்வையாளர்களுக்கு நடுவே கடலை தின்றுகொண்டிருந்தார். அவரைக் குழுவின் மேசைக்கு அழைத்துவந்து உட்காரக் கதிரை போட்டார்கள்.

"எங்க தாத்தாவுக்கு ஊரே தெரியாதுங்க" என்றார் அத்தை. "சின்னப் புள்ளையில யார் கூடவோ நடந்து வந்தவரு. கப்பலேத்துறதுக்கு முன்னால மண்டபம் கேம்புல ஊரைக் கேட்டிருக்காங்க. முன்னால நின்னவன் திருச்சின்னான், இவரும் திருச்சின்னுட்டாரு. பெரியண்ணன், அதான் சதீஸோட அப்பா, சேலத்துக்காரங்க வீட்டுல பொண்ணெடுத்துச்சு. மாமனார் வீட்டோட இருந்து அது சேலமாயிருச்சு."

கஜேந்திரன் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். இருவரும் போலி என்றால் இறுதிப் போட்டிக்கு அணியே இல்லை. முஹ்ஸின் புன்னகைத்தார்.

சுந்தரலிங்கம் அனுபவசாலி. சட்டம் எல்லோருக்கும் பொது, ஆகவே ஒவ்வொருவராக வந்து பூர்வீகத்தை நிரூபிக்கட்டும், முதலில் இராமநாதபுரம் என்றார். முஹ்ஸின் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மதுரைக்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். சற்று நேரத்தில் முஹ்ஸினே, வெயில் ஏறுகிறது, ஆட்டத்தைத் தொடங்கினால் நல்லது என்றார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் திருச்சி ஒரு கோல் முன்னால் இருந்தது. அப்போது சேலத்துக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவர் சதீஸ்குமார். பந்தை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். எந்தப் பக்கம் பாய்வது என்று யோசிக்க வேண்டிய கஜேந்திரன், மண்டபம் கேம்பில் அத்தையின் தாத்தாவுக்கு முன்னால் நின்றவன் தஞ்சாவூர் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பந்து நேராக அவர் நெஞ்சில் வந்து மோதியது. பிடித்துக்கொண்டார். அண்ணனுக்காகத் தம்பி விட்டுக்கொடுத்தார் என்றது சேலம். காவிரித் தண்ணீரின் உறுதி என்றது திருச்சி.

இந்த வருடம் கஜேந்திரன் குழுக் கூட்டத்துக்குப் போய், தம்பியும் தானும் சேர்ந்து கண்டி என்ற பெயரில் ஓர் அணி இறக்க விரும்புவதாகச் சொன்னார். குழு நெடுநேரம் பேசியது. சுந்தரலிங்கம் வருத்தத்தோடுதான் முடிவைச் சொன்னார்.

"கண்டி எப்படிங்க பூர்வீகமாகும்? அது நம்ம இருக்கிற இடம் மட்டும்தானே."

பிறகு, மதுரைக்குக் கோல் காப்பாளர் இல்லை, வருகிறீர்களா என்று கேட்டார். கஜேந்திரன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரம் மதுரைக்காரர்கள் கடைக்கு வந்து, அவருடைய மூக்கு அசல் மதுரை மூக்கு என்று அடித்துச் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் மதுரையோடு பயிற்சிக்குப் போகிறார்.