ஒரே ஒரு ஆண் அந்துப்பூச்சி

எங்கள் கம்பெனியின் பின்பக்க மதிலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அதன் மூலையில் ஒரு பழைய மெர்க்குரி விளக்கு இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கரடு. பாறையும் முள்புதரும் மட்டும் உள்ள சின்ன மேட்டை இந்த வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கரட்டிலிருந்து விளக்குக்கு வந்த அந்துப்பூச்சிகள், விடிந்த பிறகும் மதிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும். முதல் ஷிப்ட் பஸ் எங்களை ஐந்தே முக்காலுக்கு இறக்கிவிடும். ஆறு மணிக்குப் பஞ்ச் வைக்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷம் நான் மதிலருகே நிற்பேன். ஆறரைக்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா துடைப்பத்தால் எல்லாவற்றையும் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

"எல்லாரும் டீக்கு ஓடுறாங்க, நீ செவுத்தப் பாத்துனு நிக்கிற. செவுத்துக்குமா கியூசி போட்டுட்டாங்க?" என்று கேட்டைப் பார்த்துக்கொள்ளும் செக்யூரிட்டி அண்ணன் கேட்பார். ஜூஜுவாடியிலிருந்து சைக்கிளில் வருகிறவர்.

நான் பாகலூர் சாலையில் உள்ள அந்தக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் சின்ன உலோகப் பாகங்களின் விளிம்பைப் பார்த்து அளவு எழுதுவதுதான் வேலை. மதில் பூச்சிகளை முதலில் போனில் படம்தான் எடுத்தேன். பிறகு தேதி, இறக்கை அகலம், நிறம், உட்கார்ந்திருக்கும் விதம் என்று பட்டியல் போட ஆரம்பித்தேன். பட்டியல் போடாமல் என்னால் எதையும் பார்க்க முடிவதில்லை.

இணையத்தில் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து ஒரு மேடம் எழுதினார். அந்துப்பூச்சிகளை வகைப்படுத்துவதே அவர் வேலை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திப்பள்ளி வழியாக பஸ் மாறி அவருடைய ஆய்வகத்துக்குப் போனேன். இறக்கை கிழியாமல் விரித்துக் குத்தவும், லேபிள் எழுதவும் அங்கேதான் கற்றேன். புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். பெயர் அந்த ஒன்றோடு கட்டப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் உலகத்தில் யாராக இருந்தாலும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். இதை மேடம் சொன்னபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எங்கள் பிரிவில் மற்றதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க, பூட்டிய அலமாரியில் மாஸ்டர் பீஸ் என்று ஒன்று உண்டு. அதுவும் அதே காரணத்துக்காகத்தான் பூட்டில் இருக்கிறது.

மதிலில் கிடைத்ததில் ஒன்று எந்தப் புத்தகத்திலும் பொருந்தவில்லை. விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. காய்ந்த புளியங்கொட்டைத் தோல் நிறம். முன்னிறக்கையில் வெள்ளைக் கோடு ஒன்று பாதியிலேயே நின்றுபோயிருக்கும். இரண்டு கிடைத்தன, இரண்டும் பெண். உணர்கொம்பு நூல் மாதிரி இருந்தால் பெண், சீப்பு மாதிரி இருந்தால் ஆண். மேடம் இரண்டையும் லென்ஸின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசா இருக்கலாம். ஆனா இதே ஜாதியில ஒரு இனத்துக்கு ரொம்ப காலம் முன்னாடி யாரோ மைசூர் பக்கம் ஒரே ஒரு ஆணை வச்சுப் பேர் வச்சிருக்காங்க. அதோட பெண்ணை யாரும் பாத்ததில்லை. இது அந்தப் பெண்ணாவே இருந்துட்டா?"

"எப்படி மேடம் தெரிஞ்சுக்கிறது?"

"ஒரு ஆண் கொண்டுவா."

ஆணின் வயிற்று நுனியில் இணைசேர்வதற்கான கொக்கிகளும் மடல்களும் இருக்கும். இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் மாறும். இறக்கை ஏமாற்றும், அது ஏமாற்றாது. ஆக வேண்டியது ஒரு ஆணின் வயிறு. அதைப் பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்தால் சதை கரைந்து கெட்டியான பாகங்கள் மட்டும் மிஞ்சும். அதைக் கண்ணாடியில் ஏற்றி வரைய வேண்டும். மைசூர் ஆணின் பழைய வரைபடம் மேடத்திடம் இருந்தது. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் எங்கள் பூச்சிக்குப் புதுப் பெயர் உண்டு.

தென்மேற்கு மழை தொடங்கிய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மதிலில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தது. சீப்புக் கொம்பு, பாதிக் கோடு, எல்லாம் சரி. டப்பாவில் பிடித்து மூடி, மேடத்துக்குப் படம் அனுப்பினேன். ஞாயிறு வரை வைத்திரு, ஆய்வகத்தில் சேர்ந்து பண்ணலாம் என்று மேடம் செய்தி அனுப்பினார். முடிந்த ஸ்லைடோடு போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வியாழக்கிழமை காலை நாலே முக்காலுக்கு வயிற்றைப் பிரித்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் பொட்டாஷ் கரைசலில் போட்டு, ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி எடுத்தால் சரியாக இருக்கும். ரொம்ப நேரம் ஊறினால் மிஞ்ச வேண்டிய பாகங்களும் குழைந்து கெட்டுவிடும்.

எட்டரை மணிக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கஸ்டமர் போன் செய்தார்கள். நாங்கள் அனுப்பிய பாகங்களில் பிசிறு இருக்கிறது, அவர்கள் லைன் நிற்கிறது. இப்படி ஆனால் தரப் பிரிவிலிருந்து நாலு பேரை வேனில் ஏற்றி அங்கேயே அனுப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கச் சொல்வார்கள். சார்ட்டிங் என்று பெயர். ரூமுக்குப் போய் மாற்று உடை எடுக்கவும் நேரம் தரமாட்டார்கள். இரண்டு நாள் ஆகும் என்று வேனில் ஏறிய பிறகுதான் சொன்னார்கள். அந்தக் கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்று ஆயிரத்துக்கு மேல் பாகங்களைப் பிரித்திருப்பேன். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் குப்பிக்குள் ஊறிக்கொண்டிருந்த வயிறுதான் நினைவில் இருந்தது.

ஏழு மணிக்குப் போன் கையில் கிடைத்ததும் வீட்டுக்கார அக்காவை அழைத்தேன். பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, படித்தது கன்னடம், எங்களிடம் தமிழ். முட்டைக்கோஸ் போட்டிருந்த நிலத்தில் பாதியில் ரூம் கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு விட்டிருக்கிறார். எல்லா ரூமுக்கும் ஒரு சாவி அவரிடம் உண்டு.

"ஜன்னல்ல ஒரு சின்னக் குப்பி இருக்குக்கா. அதுல இருக்கிற மருந்த மாத்தணும். நாலே நாலு வேலை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிறீங்களா?"

"எழுதறது எதுக்கு, போன காதுல வச்சுனே பண்றேன். வெசமாம்மா அது?"

"கையில பட்டா எரியும். பக்கத்துலயே கிளவுஸ் இருக்கு."

கம்பெனியில் ஆபரேட்டர்களுக்கான வேலைக் குறிப்புகளை எழுதுவது நான்தான். மெஷினைப் பார்த்திராத ஆள்கூட அதைப் படித்துச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதுதான் விதி. அதே பழக்கத்தில் சொன்னேன். ஒன்று, கையுறை போடுங்கள். இரண்டு, குப்பியில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மூன்று, கேன் தண்ணீரை நிரப்புங்கள். நான்கு, மூடி வையுங்கள்.

அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். "ஒந்து ஆயித்து," என்றார். "எரடு ஆயித்து." நடுவில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. "மூணும் ஆச்சு, நாலும் ஆச்சு. இவ்ளோதானா? இதுக்கா இப்பிடி பயந்தே?"

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் படம் அனுப்பினார். குப்பி ஜன்னலில், டியூப் லைட் வெளிச்சத்தில், பளபளவென்று இருந்தது. கீழே, "நல்லா கழுவிட்டேன்" என்று குரல் செய்தி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குப்பிக்குள் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அதற்குள் கேழ்வரகு அளவில் ஒன்று கிடக்கிறது, அதுதான் முக்கியம், அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாலு வரியில் எங்கேயும் அது இல்லை. அக்கா ஒரு வரிகூடத் தப்பாகச் செய்யவில்லை. திரும்ப அழைத்து எங்கே கொட்டினீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"செடிக்கு ஊத்தல, பயந்துக்காதே. பாத்ரூம்ல கொட்டி, ரெண்டு பக்கெட்டு தண்ணி உட்டேன்," என்றார்.

மறுநாளும் சார்ட்டிங். சனிக்கிழமை விடிந்த பிறகு ரூமுக்கு வந்து பாத்ரூம் ஓட்டையின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். முடியும் சோப்புத் துண்டும் இருந்தன. வடிகட்டியில் போட்டு, ரூமில் இருந்த என் சின்ன மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கட்டம் கட்டமாகத் தேடினேன். இருக்காது என்று தெரிந்தும் மதியம் வரை தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடத்திடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இறக்கை இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு மேடம். கால் இருக்கு. ஒரு கால டிஎன்ஏவுக்கு அனுப்பலாமா?"

"அனுப்பி எதோட ஒப்பிடுவ? மைசூர் பூச்சி வெளிநாட்டு மியூசியத்துல நூறு வருஷமா காஞ்சு கெடக்கு. அவங்க தொட விடமாட்டாங்க." பேனாவை என் பக்கம் நகர்த்தி, "லேபிள்ல நடந்தத எழுதிடு," என்றார்.

வயிறு தொலைந்தது என்று எழுதினேன். லேபிளில் பிரித்தவர் யார் என்று ஒரு வரி உண்டு. அங்கே என் பெயர்.

அந்த மழை முடியும்வரை தினமும் மதிலைப் பார்த்தேன். ஆண் வரவில்லை. தீபாவளிக்குப் பிறகு மெர்க்குரி விளக்கைக் கழற்றி எல்இடி போட்டார்கள். அதற்குப் பூச்சிகள் அவ்வளவாக வருவதில்லை. பழைய விளக்கைக் கேட்டு மெயின்டனன்ஸுக்குப் போனேன். ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். கோடையில் கரட்டைச் சுற்றித் தகரம் அடைத்தார்கள். உள்ளே இரண்டு ஜேசிபி. புது ஷெட் வருகிறது என்று செக்யூரிட்டி அண்ணன் சொன்னார். கட்டுரையின் வரைவு தயாராகத்தான் இருக்கிறது. பெண்ணின் விவரம், இறக்கை அளவு, படங்கள், இடம். ஆண் என்ற தலைப்புக்குக் கீழே எதுவும் இல்லை. அதில்லாமல் அனுப்ப முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதான். நானாக இருந்தாலும் அப்படி ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டேன்.

இந்த வருஷம் மழை பெய்த மூன்றாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே செக்யூரிட்டி அண்ணன் கை காட்டினார். "பாப்பா, உன் சரக்கு ஒண்ணு வந்து ஒக்காந்துனு இருக்குது. நான் காவலுக்கு நிக்கிறேன், யாரையும் தொட உடல."

பாதிக் கோடு இருந்தது. கொம்பு நூல் மாதிரி இருந்தது. மூன்றாவது பெண்.

"என்னாச்சு, இது இல்லியா?" என்றார் அண்ணன்.

"இதுதாண்ணா. ஆனா பொண்ணு."

"அது சரி, பொண்ணே பொண்ணு வேணாங்குது."

அதன் வயிறு கனத்திருந்தது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. குத்துவதற்குப் பதிலாக உயிரோடு டப்பாவில் எடுத்துப்போனேன். அன்றும் மறுநாளும் அது டப்பாவின் பக்கங்களில் முட்டையிட்டது. எண்ணினேன், நாற்பத்தொன்று. பொரிந்து வளர்ந்தால் பாதிக்குப் பாதி ஆண் இருக்கும். ஒன்று போதும்.

ஆறாம் நாள் பொரிய ஆரம்பித்தன. நூல் துண்டு அளவுப் புழுக்கள். இவை எந்தச் செடியைத் தின்னும் என்று யாருக்கும் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. தகர அடைப்புக்கு வெளியே மிச்சமிருந்த செடிகளில் எல்லாம் கொழுந்து பறித்து, எண் போட்டு வைத்தேன். ஆவாரை, இலந்தை, துத்தி, உன்னி, புங்கம், வேலம், ஊமத்தை, பெயர் தெரியாத மூன்று. புழுக்கள் ஒவ்வொன்றின் மேலும் ஏறி, விளிம்புவரை போய், இறங்கிவிட்டன.

வாசலில் இலைக்கட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அக்கா உள்ளே வந்தார். டப்பாவைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"புழுவா? என்கிட்ட சொல்லக் கூடாதா? இருவது வருசம் பட்டுப்புழு வளத்தவ நானு. இதையா கையில தொடறே? எறகு எடுத்துனு வரேன் இரு."

கோழி இறகால் ஒவ்வொரு புழுவையும் தொட்டு, நோகாமல் வேறு இலைக்கு மாற்றினார். பிறகு மல்பெரி கொண்டுவந்தார். ரோஜாக் கொழுந்து, முட்டைக்கோஸின் உள்இலை, மாந்தளிர் கொண்டுவந்தார். நறுக்கிப் போட்டுப் பார்த்தார். ஈரத்துணி போட்டு மூடினார். போன வருஷம் அவர் கழுவிய குப்பியில் என்ன இருந்தது என்று நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினாறு புழுக்கள் அசைந்தன. வேலை முடிந்து வந்தபோது ஐந்துதான் அசைந்தன. அக்கா என் கட்டிலில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்திருந்தார்.

"பசியில சாவுதும்மா இது. எந்த எலைன்னு மட்டும் சொல்லு. பாகலூர் பூராத் தேடியாவது பறிச்சுனு வரேன்."

"தெரியலக்கா."

"படிச்ச பொண்ணு, நீ இப்பிடி சொன்னா எப்பிடி? இது எங்க இருந்து வந்துது, அங்க போயி பாக்கலாம் வா."

மதிலுக்கு அந்தப் பக்கம் மண் வெட்டி எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் மல்பெரித் துண்டு ஒன்றை இன்னும் பொடியாகக் கிள்ளிப் போட்டார். நான் டப்பாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு புழு மட்டும் தலையைத் தூக்கி, இலைக்கும் இலைக்கும் நடுவே இருந்த வெறும் பிளாஸ்டிக்கில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிக்கொண்டிருந்தது.