உட்கார்ந்து காட்டு பார்க்கலாம்

உட்காருவது கஷ்டமான வேலை என்று நாலாம் வகுப்புப் படிக்கிற வரைக்கும் எனக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் "உட்கார், உட்கார்" என்றுதான் எல்லாரும் என்னைப் படுத்திக்கொண்டிருந்தார்கள். நிற்க வைப்பதுதான் தண்டனை. அதனால் எங்கள் அத்தை மோட்டார் சைக்கிளில் தனியாகக் கன்னியாகுமரி வரைக்கும் போகப்போகிறேன் என்று சொன்னபோது, அப்பா லாரிகளைப் பற்றியோ வழியைப் பற்றியோ பேசாமல், "அவ்வளவு தூரம் உக்காந்துருவியா நீ?" என்று கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இதென்ன கேள்வி? உட்காருவதற்குப் படிப்பு வேண்டுமா, பலம் வேண்டுமா?

அத்தை அப்பாவின் தங்கை. செகந்திராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் ஃபிளாட்டில் எங்களோடுதான் இருந்தாள். தினமும் அமீர்பேட்டுக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் பாடம் எடுப்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை போர்டுக்கு முன்னால் நின்றபடி. வீட்டுக்கு வந்ததும் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "நின்னு நின்னே என் கால் தேஞ்சு போச்சு அண்ணி. ஒரு தடவையாவது உக்காந்துக்கிட்டே ஊரெல்லாம் பாத்துட்டு வரணும்" என்று அம்மாவிடம் சொல்வாள். அப்போது அவளுக்கு மும்முரமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்தக் கோடை லீவில் போகாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் போகமுடியாது என்று அத்தை முடிவு கட்டியிருந்தாள். "இதுக்கும் நக்கோன்னு சொன்னா நான் என்னதான்ணா பண்றது?" என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். வேண்டாம் என்பதற்கு எங்கள் வீட்டில் நக்கோதான். செகந்திராபாத் ரயில்வேயில் சேர்ந்த எங்கள் கொள்ளுத்தாத்தா திருச்சியிலிருந்து கொண்டுவந்த தமிழில் அதற்குள் எவ்வளவோ கலந்துவிட்டது.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்கு எங்கள் பக்கத்துப் பெரிய தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. வெளியே போகிற ஒவ்வொரு கருவியையும் சூட்டில் வைத்து, குளிரில் வைத்து, ஆட்டி, உலுக்கி, பிழைத்தால் மட்டுமே அனுப்புகிற வேலை. அந்தப் புத்தியை அவர் வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வரவே மாட்டார். புதுக் குடை வாங்கினால் ஷவருக்குக் கீழே பிடித்துப் பார்ப்பார். என் ஸ்கூல் பையில் அகராதிகளை அடைத்து ஆணியில் ஒரு நாள் பூராவும் தொங்கவிட்டுத்தான் என் தோளில் மாட்டினார். இவ்வளவு பொறுமையான மனிதர், தான் மட்டும் ஓரிடத்தில் நிலையாக உட்காரமாட்டார். சினிமா தியேட்டரில் நடுவில் எழுந்துபோய்ச் சுவரோரமாக நிற்பார். பஸ் எந்த ஊரில் நின்றாலும் முதல் ஆளாக இறங்கிவிடுவார். அவர் தாடையில் ஒரு தழும்பு உண்டு. கேட்டால், சின்ன வயதில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது என்பார்.

அப்பா அப்படிக் கேட்டதிலிருந்து அத்தைக்கு சீட் பைத்தியம் பிடித்துவிட்டது. முதலில் ஆன்லைனில் ஒரு ஜெல் மெத்தை வந்தது. தொட்டால் தளதளவென்று ஆடும். நான் அதில் விரலை விட்டு விரலை விட்டு எடுத்தேன். அத்தை அதை சீட்டின் மேல் கட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் அமீர்பேட்டிலிருந்து வந்தாள். இறங்கும்போது "அய்யய்யோ" என்றுதான் இறங்கினாள். மே மாத வெயிலில் அது தோசைக்கல்லாகியிருந்தது. அடுத்து டாக்ஸிக்காரர்கள் போடுகிற மரமணி விரிப்பு. அதில் காற்று நன்றாக வந்தது, ஆனால் ஒவ்வொரு மணியும் தன் முகவரியை அவள் தொடையில் எழுதிவிட்டுப் போனது. பிறகு ஒரு சீட் கடைக்காரர் ஸ்பாஞ்சை அடுக்கி உயர்த்திக் கொடுத்தார். மெத்துமெத்தென்று சிம்மாசனமாகத்தான் இருந்தது. ஆனால் தார்நாகா சிக்னலில் நின்றபோது அத்தைக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. வண்டி ஒருபக்கமாகச் சாய, இரண்டு ஆட்டோக்காரர்கள் ஓடிவந்து பிடித்தார்களாம். அம்மா, சைக்கிள் டியூபில் பாதிக் காற்று அடித்துப் போட்டுப் பார்க்கலாமே என்றாள். அதுவும் நடந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது அத்தையை ஆகாசத்துக்குத் தூக்கிவிட்டது. பின்னால் இருந்த எனக்கு அதைப்போல ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

கடைசியில் பழைய சீட்டே திரும்பி வந்தது, கொஞ்சம் கெட்டியான ஸ்பாஞ்சோடு. ரொம்ப மெத்தென்று இருந்தால் எலும்பு உள்ளே அமுங்கி இன்னும் வலிக்கும் என்று அத்தை கண்டுபிடித்திருந்தாள். அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தையல் மெஷினில் ஏதோ தைத்து, துண்டில் சுற்றி அத்தையிடம் கொடுத்தாள். என்ன அது என்று குடைந்தேன். "பெரியவளானா தெரியும், போ" என்றார்கள். நடுவில் தடித்த தையல் இல்லாத, உட்கார்ந்தால் உறுத்தாத பருத்திக் கால்சட்டை, அவ்வளவுதான். அதற்குப் போய் அவ்வளவு ரகசியம்!

இதெல்லாம் ஆன பிறகும் அப்பா இறங்கி வரவில்லை. சோதனை இல்லாமல் எதையும் வெளியே அனுப்புகிற வழக்கம் தனக்கு இல்லை என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை, கீழே பார்க்கிங்கில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டிபன் முடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அத்தை அதில் உட்கார்ந்திருக்கவேண்டும். "நீயா இறங்கினா நீ தோத்த. நான் கூப்பிட்டா மட்டும் இறங்கலாம். கூப்பிட்டா இறங்கியே ஆகணும். ரோட்டுல போலீஸ்காரன் நிறுத்தினா நிக்கமாட்டியா, அந்த மாதிரி."

"ஹவ், சரி, உக்காந்து காட்டறேன் பாரு" என்றாள் அத்தை. என்னை நடுவராகப் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு காலை அத்தை ஹெல்மெட்டெல்லாம் போட்டுக்கொண்டு ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். நான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில். முதலில் வந்த வாட்ச்மேன், "ஏமைந்தி மேடம், ஸ்டார்ட் அவ்வட்லேதா?" என்று கேட்டு, வண்டி கிளம்பாததற்காக வருத்தப்பட்டுத் தள்ளிவிடவும் தயாரானார். பால் பாக்கெட்டோடு வந்த கீழ்வீட்டுப் பெரியவர், "கைக்கு பைட்டே பேட்டி?" என்றார். ஏனம்மா இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது? பரீட்சை என்றேன். எந்த சப்ஜெக்ட் என்றார். உட்காருவது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லிஃப்டில் ஏறினார்.

எனக்கோ கேள்விகள். "இப்ப எங்க வலிக்குது அத்தை? எலும்பா, சதையா? குத்துதா, எரியுதா?" அவளும் சளைக்காமல் சொன்னாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கை. பிறகு இடுப்பு. பிறகு, சொல்லக்கூடாத இடம். சரியாக உடம்பை வளைத்து நெளித்து அவள் ஒரு நிலைக்கு வந்து கண்ணை மூடுகிற நேரம் பார்த்து, மேலே பால்கனியிலிருந்து அப்பாவின் குரல் வரும். தண்ணி மோட்டாரைப் போடு. கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, வந்து பிடி. என் கண்ணாடி எங்கே, வந்து தேடிக்கொடு. லிஃப்டில் வரக்கூடாது, படியேறித்தான் வரவேண்டும். போலீஸ்காரன் கூப்பிட்டால் லிஃப்டிலா போவாய் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். கண்ணாடியைக் கேட்டபோது அது அவர் மூக்கின் மேலேயே இருந்ததாம்!

அத்தை கறுவிக்கொண்டே இறங்குவாள், கறுவிக்கொண்டே ஏறுவாள். "உங்கப்பன் என்னைத் தோக்கடிக்கணும்னே படியேற வச்சு சாகடிக்கிறான் குட்டி." எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. இவ்வளவு அற்பத்தனம் அப்பாவிடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மத்தியானம் ஒரு கட்டத்தில் அத்தை ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "முடியலடீ. இறங்கிடறேன். கன்னியாகுமரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். கண்ணில் தண்ணீர். அவள் ஒரு காலைத் தூக்கவும், மேலேயிருந்து "ஏய், மோட்டாரை ஆஃப் பண்ணு!" என்று சத்தம் வரவும் சரியாக இருந்தது. போனாள். திரும்பி வந்தபோது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். அழுதவள் எப்படிப் பாடுகிறாள் என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, அதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

அத்தையின் பக்கம் நிற்பது என்று நான் முடிவு செய்தேன். சரியாகச் சொன்னால், அவள் பக்கம் உட்காருவது என்று. பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அப்பா அவளைக் கூப்பிட்டபோதெல்லாம் நான் இறங்கவில்லை. அவர் என்ன, என்னையா கூப்பிட்டார்? அத்தை போய்ப் போய் வர, நான் வைராக்கியமாகக் கால்களை மடக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன். முதலில் வலித்தது. பிறகு அந்த வலியும் காணாமல் போய்விட்டது. சே, இவ்வளவுதானா, இதற்கா இந்தப் பாடு என்று எனக்கு இளக்காரம்கூட வந்தது.

தெருவிளக்கு எரிந்தது. "போதும், பாஸ்" என்று மேலேயிருந்து அப்பா சொன்னார். அத்தை கத்திய கத்தலில் புறாக்கள் பறந்தன. நானும் கத்திக்கொண்டே பின்சீட்டிலிருந்து குதித்தேன். குதித்த இடத்தில் என் கால்கள் இல்லை. பொத்தென்று சிமென்ட் தரையில் விழுந்தேன். முட்டித் தோல் பெயர்ந்துவிட்டது. அழக்கூடத் தோன்றாமல், இது யாருடைய கால் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா படிகளைத் தாவித் தாவி வந்தார். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. என் பாதங்களை மடியில் வைத்துப் பரபரவென்று தேய்த்தார். "இங்க தொட்டா தெரியுதா? இங்க?" ஆயிரம் எறும்புகள் ஊறத் தொடங்கின. தெரியுது தெரியுது என்று அலறினேன். அவர் ஒரு கையால் தன் தாடையைத் தடவிக்கொண்டே அத்தையை நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியா, இவ இறங்கவே இல்ல..." என்று ஏதோ ஆரம்பித்தார். அத்தை எங்கே கேட்டாள்? அவள் ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாட்ச்மேனிடம் தன் வெற்றியைத் தெலுங்கில் அறிவித்துக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடி என் பாதத்தைத் தேய்க்கக் குனிந்துவிட்டார்.

அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வழியில் வருகிற ஒவ்வொரு டோல்கேட்டையும் தாண்டியதும் அத்தை ஒரு போட்டோ அனுப்பவேண்டும். அதில் அவள் நின்றுகொண்டிருக்கவேண்டும், ஹெல்மெட் இல்லாமல். வண்டி தள்ளி இருக்கவேண்டும்.

"நான் என்ன ஜாமீன்ல வந்தவளா, கையெழுத்துப் போட்டுட்டுப் போக? என் மேல நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லிடுண்ணா."

"இல்ல" என்றார் அப்பா, நேராகவே. அத்தை அன்று இரவு அவரோடு பேசவில்லை. என் அப்பா துப்பறிகிறவர் என்று நான் கீழே விளையாட வந்த பிள்ளைகளிடம் சொல்லி வைத்தேன்.

அத்தை விடிகாலையில் கிளம்பிப் போனாள். போட்டோக்கள் வரத்தொடங்கின. முதல் படத்தில் முகம் கடுகடு. அடுத்ததில் நாக்கை நீட்டியிருந்தாள். கர்னூல் தாண்டியபோது சிரித்தாள். அப்பா ஒவ்வொன்றையும் வாங்கி, "நிக்கிறாளா?" என்று மட்டும் பார்த்துவிட்டுத் தருவார். அனந்தபூர் படத்தை மட்டும் வெகுநேரம் வைத்திருந்தார். விரல்களால் பெரிதாக்கி, அத்தையை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் தெரிந்த டீக்கடையைப் பார்த்தார். அதில் பார்க்க என்ன இருந்தது? நானும் பார்த்தேன். ஒரு பெஞ்சு, ஒரு பாய்லர், ஒரு நாய்.

போன வருஷம் நான் என் ஸ்கூட்டரில் ஸ்ரீசைலம் கிளம்பினபோதுதான் அம்மா அதைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவும் இப்படித் திருச்சிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பியவராம். பெட்ரோல் போடுவதைத் தவிர எதற்கும் இறங்குவதில்லை என்று நண்பர்களிடம் பந்தயம். பெட்ரோல் போடும்போதும் வண்டியை விட்டு இறங்கவில்லை. கடைசியில் தாங்கமுடியாமல் அனந்தபூரில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்திக் காலை ஊன்றினால், கால் இல்லை. வண்டியோடு விழுந்து கல்லில் தாடை கிழிந்தது. வண்டியும் அவரும் ரயிலில் திரும்பி வந்தார்கள். எஞ்சின் பழுது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டார். அவருக்குத் தெரியாத ரகசியமா? உட்கார்ந்து போகிறவர்களுக்கு உலகத்தில் ஒரே மருந்துதான், அடிக்கடி எழுந்திருப்பது.

"அதை அத்தைகிட்ட நேரா சொல்லியிருக்கலாம் இல்லம்மா?" என்றேன்.

"யாரு, உன் அத்தையா? அடிக்கடி இறங்குன்னு இவர் சொல்லியிருந்தா அவ இறங்காமலே போயிருப்பா. அண்ணன் ரத்தம்தானே" என்றாள் அம்மா.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நான் நடுவர். விதி என்றால் விதி. கடைசிப் படம் வந்தபோது போனை நான்தான் பிடுங்கினேன். கன்னியாகுமரி. பின்னால் முழுக்கக் கடல். வண்டியையே காணோம். அத்தை கரையில் ஒரு பாறையின் மேல், நனைந்த கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, ரூலை மீறிட்டா! உக்காந்துட்டா பாருங்க!" என்று நான் வீடே அதிரக் கத்தினேன்.

அப்பா போனை வாங்கிப் பார்த்தார். நின்றுகொண்டேதான் பார்த்தார். பிறகு சோபாவில் போய் மெதுவாக, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"விடு. இப்ப உக்காரட்டும்" என்றார்.

அவ்வளவு கண்டிப்பான மனிதர், கடைசிப் பரீட்சையில் போய் இப்படிக் கோட்டை விட்டுவிட்டாரே என்று எனக்கு அன்றைக்கு ஒரே ஏமாற்றம்.