வெயிலுக்கு வைத்த ஓணான்

நான்காம் வகுப்பில் ஊர்வன பாடம் நடந்தபோது வீட்டில் என் அலட்டல் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தாலே செதில், தோலுரித்தல், வால் துண்டித்தல், குளிர் இரத்தப் பிராணி! தேயிலை ஃபாக்டரியில் கணக்கெழுதும் அப்பா குளிக்க வெந்நீர் கேட்டால், "உங்களுக்குக் குளிர் ரத்தமுங்களாப்பா?" என்பேன். பல்லி கத்தியதும் பெரியம்மா பலன் பார்த்துத் தரையைத் தட்டினால், "அது இன்னொரு பல்லிய இங்க வராதேன்னு மெரட்டுதுங்க" என்று திருத்துவேன்.

"வாயப் பாரு இவளுக்கு" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்ததே அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான். தம்பியோடு வருகிறேன் என்று குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். தம்பி சாமிகிட்டப் போய்விட்டான் என்றார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அம்மா கட்டிலைவிட்டு எழவேயில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். பார்க்க வந்தவர்களெல்லாம், "உங்களுக்கென்ன வயசா ஆயிருச்சு, இன்னொண்ணு பொறக்குமுங்க" என்றார்கள். அம்மா தலையாட்டிவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு என் பழைய அம்மா வேண்டும் போலிருந்தது. கையைத் தொட்டால் ஐஸ். ஆகா, விஷயம் இதுதான், அம்மாவுக்கு வெயில் வேண்டும் என்று முடிவுகட்டினேன். ஆனால் எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரமாட்டாள்.

நீலகிரியில் எங்கள் கட்டபெட்டுப் பக்கம் தை மாதப் பனி சும்மா விடாது. ஒருநாள் காலை, வேலியோரத் தேயிலைச் செடியில் ஓர் ஓணான் விறைத்துக் கிடந்தது. தொட்டும் அசையவில்லை. கையில் ஏந்திக்கொண்டு நேரே அம்மாவிடம் ஓடினேன்.

"அய்யோ, செத்ததக் கொண்டாந்து எங்க வெக்கற அம்மிணி!" என்று பெரியம்மா அலறினார்.

"சாகலீங்க பெரியம்மா. வெயில்ல வெச்சா எந்திரிச்சுக்கும்."

அம்மா திரும்பினாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போர்வையோடு எழுந்து என் பின்னால் வந்து, வெயில் விழும் வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள். அதில் வைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எவ்வளவு நேரமாகும் என்று பாடத்தில் போடவில்லையே! இது எழாவிட்டால் அம்மா மறுபடியும் சுவர்ப் பக்கம் போய்விடுவாள். "பச்ச ஒடம்பு, பனி ஆகாது, உள்ள வா கண்ணு" என்று பெரியம்மா கெஞ்சினார். அம்மா நகரவில்லை. இன்னொரு கையைக் குவித்து, ஓணான்மேல் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டாள்.

வெயில் அவள் மடிவரை ஏறியபோது ஓணான் கண்ணைத் திறந்தது. கறுத்திருந்த முதுகு மெல்லப் பச்சையானது. தொண்டை துடித்தது.

"மூச்சு வுடுது பாரு" என்றாள் அம்மா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாகப் பேசியது அதுதான்.

ஓணான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரே தாவலில் செடிக்குள் போய்விட்டது. அம்மா வெறும் கையைப் பார்த்தாள். பிறகு அழுதாள். பெரியவர்கள் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததேயில்லை. ஓணான் ஓடிவிட்டதற்கா இவ்வளவு அழுகை? பாவமாக இருந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"அழுவாதம்மா. நான் இன்னொண்ணு புடிச்சுத் தர்றேன்."

"இன்னொண்ணு வேண்டாங்கண்ணு" என்றாள் அம்மா. "எனக்கு அதேதான் வேணும்."

அன்று மத்தியானம்வரை தேயிலைச் செடிகளுக்குள் அதே ஓணானைத் தேடிக்கொண்டிருந்தேன்.